பழியுணர்வும் கழுவாயும்

செய்த தவறு நினைவுக்கு வருந்தோறும் மனிதனுடைய நெஞ்சம் அவனையே சுடுகின்றது. இந்நிலையைக் குறிப்பதற்குக் கழிவிரக்கம், பழிநாணல், நெஞ்சுசுடல் முதலிய சொற்களை நம் முன்னோர் வழங்கினர். குற்றவுணர்ச்சி என்பது இக்காலத்து வழக்கு. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. ஒருவன் தன்னெஞ்சறியப் பொய்த்தால் அந்நெஞ்சே அவனை வருத்தும் என்று வள்ளுவர் கூறியதும் இதனையே.

இந்து சமயத்தார்க்கு இவ்வுணர்ச்சி பற்றித் தெளிந்த கொள்கை உண்டோ என்னும் வினாவுக்கு மேனாட்டு ஆசிரியர் சிலர் ஒன்றற்கொன்று மாறுபட்ட இரண்டு விடைகளைத் தந்துள்ளனர். எல்லாவற்றையும் ஊழின்மேல் ஏற்றிவிடும் மக்களுக்குப் பழியுணர்வே இராது என்பது ஒன்று. முற்பிறப்புத் தீவினைகளையும் சேர்த்துச் சுமக்கும் மக்களுக்குப் பழியுணர்வினின்றும் விடுதலையே இராது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. இரண்டும் பொய்யாதல் இயலும் என்பதை நம் நூல்களையும், நாம் வாழும் இத்தீவின் பழைய வரலாற்றையும் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மாத்தளை மாவட்டத்தின் கீழ்த்திசையில், மகாவலி கங்கையின் கரைப்புறத்தில், வில்கமுவ என்னும் பிரிவு அமைந்துள்ளது. மேற்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். அயலிலே 1984இல் தேசிய வனமாக்கப்பெற்ற வஸ்கமுவ. இன்று நெல்வயல்களும் யானைகளின் நடமாட்டமுமாகக் காணப்பெறும் இப்பக்கத்தைத் துட்டகைமுனுவின் போர்களோடு இணைத்துப் பேசும் செவிவழி மரபு உண்டு. அம்மரபுக்கு இடந்தரும் செய்தி மகாவம்சத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலே உள்ளது. உறுகுணையினின்றும் புறப்பட்ட அவ்வரசன் மகியங்கனையில் ஒரு தமிழ்த்தலைவனை வென்று, பின்னர் கங்கைக் கரை வழியே அரண் அரணாகப் பொருது சென்றான் என்றும், ஓர் அரணை வெல்ல நான்கு திங்கள் ஆயின என்றும், கரையோரத்துத் தமிழர் யாவரும் ஈற்றில் விசிதபுரத்தினுட் புகுந்து அடைபட்டனர் என்றும் அந்நூல் சொல்லும். அனுராதபுரத்து வாயிலிலே எல்லாளன் வீழ்ந்ததோடு அப்போர் முடிவுற்றது. மரபுக் கணக்கின்படி அஃது கி.மு. 161ஆம் ஆண்டு.

போர் முடிந்தபின் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியே நம் ஆராய்ச்சிக்கு உரியது. வெற்றி பெற்ற மன்னன் மாளிகையின் மேனிலையிலே, ஆடல் மகளிர் சூழ வீற்றிருக்கின்றான். செல்வம் யாவும் கண்முன்னே இருக்கின்றது. மகிழ்ச்சி மட்டும் வரவில்லை. தன் பொருட்டு மாண்ட பெரும்படையின் நினைவு அவனை வாட்டுகின்றது. அவன் நிலையை அறிந்து பியங்குதீவிலிருந்து எண்மர் அருகந்தர் வான்வழியே வந்து தேற்றுகின்றனர். நின் சுவர்க்க வழிக்கு இதனால் இடையூறில்லை. நின்னாற் கொல்லப்பட்டவர் ஒன்றரை மனிதரே. ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவன், மற்றவன் ஐஞ்சீலமும் மேற்கொண்டவன். எஞ்சியோர் விலங்கோடு ஒத்தவர் என்பது அவர்கள் கூறிய ஆறுதலின் சாரம்.

இப்பகுதியைப் படிக்கும் தமிழர் சினங்கொள்வது இயல்பு. எனினும் சினத்தை ஒருபுறம் வைத்து, ஒரு மனமருத்துவன் நோயாளியின் குறிப்பை நோக்குவதுபோல இதனை நோக்குதல் பயனுடைத்து. அம்மன்னனுக்கு வந்த வருத்தம் உயர்ந்தது. வென்றவன் வருந்துதல் உலகில் எளிதிற் காணப்படுவதன்று. கலிங்கப் போரிலே ஒரு நூறாயிரவர் மாண்டதையும் ஒன்றரை நூறாயிரவர் நாடு பெயர்க்கப்பட்டதையும் தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்திலே தானே பொறித்து வருந்திய அசோகனை உலகம் இன்றும் போற்றுகின்றதற்குக் காரணம் அதுவே. அசோகன் எண்ணைக் குறைக்கவில்லை. மாண்டோருள் அறவோரும் இருந்தனர் என்று கூட்டியே எழுதினான். துட்டகைமுனுவுக்கு அளிக்கப்பட்ட மருந்தோ எண்ணைக் குறைக்கும் மருந்து.

அம்மருந்து வேலை செய்ததா? மகாவம்சத்தின் அடுத்த அதிகாரமே விடை தருவதுபோல அமைந்துள்ளது. சங்கத்தார்க்கு முதலில் அளியாமல் ஒருகாற் காரமிட்ட கறியொன்றை உண்டுவிட்டேனே என்று அரசன் நினைவுகூர்ந்து, அக்குறைக்குக் கழுவாயாக ஒரு விகாரையே எழுப்பினான். மரிசவட்டி, அதாவது இன்றைய மிரிசவெட்டிய, அப்பெயர் பெற்றது அதனாலே என்பர். ஒரு படையின் சாவுக்கு இல்லையென்று சொல்லப்பட்ட குற்றம் ஒரு மிளகுக்கு உண்டாயிற்று! நூலாசிரியர் இவ்விரண்டையும் தொடர்புபடுத்தவில்லை. தொடர்பு காண்பது இக்கட்டுரையாசிரியனின் ஊகம். எனினும் பெரிய பழியை வெளியேற்ற வாயில் இல்லாதவன் சிறிய பழிகளிலே மிகையான கவனம் செலுத்துவதை நாம் அன்றாட வாழ்விலும் காண்கின்றோம்.

ஒன்று மறவாமற் கூறவேண்டும். மேற்சொன்ன எண்கணக்கு நம்மிடத்தும் உண்டு. மனுநூலின் பதினோராம் அத்தியாயம் கொலைக்குக் கழுவாய் வகுக்குமிடத்து, பிராமணனைக் கொன்றதற்கு விதித்ததில் நாலிலொன்று சத்திரியனுக்கும், எட்டிலொன்று வைசியனுக்கும், பதினாறிலொன்று சூத்திரனுக்கும் போதும் என்கிறது. ஒன்றரை மனிதர் என்று எண்ணினவரை நகைக்குமுன் பதினாறில் ஒரு மனிதன் என்று எண்ணிய நம் நூலையும் நோக்குதல் நேர்மை. இக்கணக்குகளைத் தள்ளாமல் கழுவாய் என்னும் கருத்தின் உண்மையை நாம் காணமுடியாது.

இனி அதே மகாவம்சம் தன் இருபத்தோராம் அதிகாரத்திலே எல்லாளனைப்பற்றிக் கூறுவதைக் காண்போம். சோழநாட்டிலிருந்து வந்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் அனுராதபுரத்தில் அரசாண்ட அவன், பௌத்தனல்லன். சேதியமலைக்குச் சென்று பிக்குகளை அழைத்து மீளும்போது அவன் தேரின் நுகமுனை பட்டு ஒரு தூபி சிதைந்தது. அமைச்சர் அதனைச் சுட்டிக்காட்டினர். அறியாமல் நேர்ந்தது, பிறர் சமயத்துக் கட்டடம். ஒரு சொல்லோடு தேரை ஓட்டிச் சென்றிருக்கலாம். அவனோ இறங்கி வழியிலே படுத்து, இச்சக்கரத்தாலே என் தலையையும் துணியுங்கள் என்றான். அமைச்சர் சொன்ன மறுமொழி பொன்போலப் போற்றத்தக்கது. எம் ஆசான் பிறர்க்குத் துன்பம் விரும்பார். தூபியைப் புதுப்பித்து அமைதி பெறுக என்றனர். பெயர்ந்தவை பதினைந்து கற்கள். அவற்றுக்காக அரசன் பதினையாயிரம் கஹாபணங்களைச் செலவிட்டான்.

இங்கே பழியுணர்வின் இரண்டு நிலைகளை ஒரே நாழிகைக்குள் காண்கின்றோம். தலையைத் துணியுங்கள் என்பது முதல்நிலை. அதிலே நேர்மை உண்டு, ஆயினும் அதனால் தூபிக்கு ஒரு கல்லேனும் திரும்புவதில்லை. தன்னைத் தண்டித்துக்கொள்ளும் விருப்பம் தன்னையே மையமாகக் கொண்டது. கல்லை எடுத்து வைத்தல் இரண்டாம் நிலை. அதிலே மையம் சிதைந்த பொருளுக்கு மாறுகின்றது. குற்றவுணர்ச்சி வென்றொழிக்கப்படுவது இம்மாற்றத்தினாலேயே என்பது எம் கருத்து. அறிவுரை கூறியவர் பௌத்த சமயம் சார்ந்து பேசினர், கேட்டவன் தமிழ் மன்னன், பதிவு செய்தவர் பௌத்தத் துறவி என்பதையும் கூட்டி நோக்குக.

எல்லாளன் மகனது தேர் ஆன்கன்றைக் கொன்ற கதையும் அவ்வதிகாரத்திலேயே வருகின்றது. படுக்கையின் தலைப்பக்கத்தே மணி. அதன் கயிறு வாயிற்புறம் வரை நீண்டிருந்தது. பசு வந்து கயிற்றை இழுத்தது. அரசன் அதே சக்கரத்தாலே மகனின் தலையைத் துணிவித்தான். இக்கதையையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில், சேக்கிழார் பெருமான் திருவாரூர் மனுநீதிச் சோழன் வரலாறாகத் திருத்தொண்டர் புராணத்தில் விரித்தார். மகாவம்சத்தில் இல்லாத ஒரு வழக்காடல் சேக்கிழாரிடத்திலே உண்டு. நம் பொருளுக்கு அதுவே உயிர்நாடி.

தேரினடியிற் கன்று விழுந்ததைக் கண்ட அரசிளங்குமரன் உள்ளம் பதறி, இதற்குரிய கழுவாயைத் தந்தை அறியுமுன்னரே செய்துகொள்வோம் என்று அந்தணரை நாடிப் போகின்றான். அவன் கொடியவனல்லன், பழிக்கு அஞ்சியவன். ஆயினும் அவன் சென்ற திசையை நோக்குக. கன்றை இழந்த பசு அரண்மனைப் பக்கம் செல்ல, அவன் வேறு திசையிற் செல்கின்றான். பின்னர் அமைச்சர்கள், பசுவதைக்கு மறைவழிக் கழுவாய் இருக்கின்றது, அதனைச் செய்வித்தல் முறையே என்று மன்னனிடம் எடுத்துரைக்கின்றனர். சாத்திரப்படி அவர்கள் கூற்றிற் பிழையில்லை. மன்னன் மறுக்கின்றான். நீங்கள் சொல்லும் சடங்கு, கன்றை இழந்து அலறும் இத்தாயின் நோய்க்கு மருந்தாகுமோ என்பது அவன் வினா. மகன்மேல் தேரூர்க என்று ஏவப்பெற்ற அமைச்சன் அது செய்யமாட்டாது தன்னுயிரை மாய்த்துக்கொள்ள, அரசன் தானே தேரைச் செலுத்தினான். ஈற்றில் இறைவன் வெளிப்பட்டு கன்றையும் மைந்தனையும் அமைச்சனையும் எழுப்பியருளினான்.

மனுநீதியின் தீர்ப்பை இக்காலத்தில் எவரும் அப்படியே பின்பற்றச் சொல்லார். அவன் எழுப்பிய வினா மட்டும் அழியாதது. இழந்தவரை நோக்காத கழுவாய் கழுவாயாகுமா? கோயிலிற் காணிக்கை இட்டு, அர்ச்சனை செய்வித்து, ஏமாற்றப்பட்ட சகோதரனின் வாயிலை மட்டும் மிதியாமலிருக்கும் அன்பர்களை நாம் அறிவோம். அவர்களுக்குச் சேக்கிழாரின் சோழன் இன்றும் மறுமொழி கூறுகின்றான்.

அவ்வாறாயின் சாத்திரங் கூறும் பிராயச்சித்தம் வீணோ? அன்று. மேலே கண்டித்த மனுநூலின் அதே அத்தியாயத்திலே உளநூற் பேராசிரியரும் வியக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. பாவம் நீங்கும் வழிகளாக அது எண்ணுபவை: தான் செய்ததைப் பிறரறியச் சொல்லுதல், உள்ளம் வருந்துதல், தவம், வேதம் ஓதுதல்; இயலாதார்க்குத் தானம். இவ்வரிசையில் முதலில் நிற்பது தீர்த்தமாடலன்று, சொல்லுதல். வருந்தினவன், இனி இவ்வாறு செய்யேன் என்று அத்தொழிலினின்றும் மீளும்போதே தூயனாவான் என்று அது தொடர்கின்றது. இன்னும் ஒன்று: விதித்த தவத்தைச் செய்தபின்னும் மனத்திற் பாரம் நீங்காவிடின், மனம் நிறைவுறுங்காறும் அத்தவத்தைத் தொடர்க என்கிறது. அளவுகோல் புரோகிதன் கையில் இல்லை. செய்தவன் நெஞ்சில் உள்ளது. அறியாமற் செய்த தவற்றையும் அறிந்து செய்த தவற்றையும் வேறுபடுத்துவதும் அந்நூலிற் காணப்படும்.

சடங்கின் எல்லையைப் பாகவத புராணம் ஓர் உவமையாற் காட்டுகின்றது. ஆறாம் கந்தத்திலே பரீட்சித்து மன்னன், கழுவாய் செய்தவனே மீண்டும் அப்பாவத்தைச் செய்கின்றானே, இது யானை நீராடுவது போன்றதன்றோ என்று சுகரை வினவுகின்றான். மகாவலிக் கரையில் வாழ்பவர்க்கு இவ்வுவமையை விளக்கவேண்டுவதில்லை. நெடுநேரம் நீரிலே திளைத்த யானை கரையேறியதும் துதிக்கையால் மண்ணை வாரித் தன் முதுகிலே இறைத்துக்கொள்ளும். சுகரின் விடை, வினையை வினையால் முற்ற நீக்கவியலாது, மெய்யாய கழுவாய் ஆராய்ந்து தெளிதலே என்பது. அதன்பின்னரே அசாமிளன் கதையும் பத்தியின் ஆற்றலும் பேசப்படுகின்றன.

பத்தி என்றதும், இறைவன் மன்னித்துவிடுவான், செய்தவனுக்கு யாதொரு கடனும் இல்லை என்று பொருள்கொள்வார் உளர். நம் தலபுராணங்கள் அவ்வாறு சொல்லவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாபாதகம் தீர்த்த படலம் இருபத்தாறாவது. அவந்தி நாட்டு அந்தணன் ஒருவன் தாயை விரும்பித் தந்தையைக் கொன்றவன். சொல்லவும் கூசும் பாதகம். புராண ஆசிரியர் அதனை மறைக்காமற் பாடியது ஆழ்ந்த நோக்கத்தோடே ஆகும். எனது பாவம் எவருடையதினும் கொடிது என்று எண்ணுகின்ற ஒவ்வொருவனுக்கும் முன்னே அதனினும் கொடிய ஒன்றை நிறுத்தினார். பிரமகத்தி பற்ற, எத்திசையும் அலைந்து மதுரையை அடைந்த அவன்முன் வேடனும் வேட்டுவிச்சியுமாக அம்மையப்பர் தோன்றினர். இறைவன் அவனுக்கு விதித்தவை யாவும் உடலுழைப்பைச் சார்ந்தவை: இரந்து ஒருபொழுது உண்ணல், அடியார்க்குத் தொண்டு செய்தல், புல்லைக் கொய்து பசுக்களுக்கு ஊட்டல், பொற்றாமரையில் நீராடல், அங்கப்பிரதட்சிணம். இத்துணைக் கொடியவனுக்கு ஏன் இரங்கினீர் என்று அம்மை வினவ, வேறு புகலற்றவனைக் காப்பதன்றோ காவல் என்று அப்பன் விடையிறுத்தான். இங்கே அருள் கடமையை நீக்கவில்லை. கடமையைச் செய்தற்குரிய ஆற்றலைத் தந்தது.

வரகுண பாண்டியன் வரலாறு மற்றொரு நுட்பத்தைக் காட்டும். வழியிலே கிடந்த அந்தணன் ஒருவன் மன்னனது குதிரையின் குளம்பு பட்டு இறந்தான். அரசன் அறியாமல் நேர்ந்தது. ஆயினும் பிரமகத்தி அவனைப் பிடித்தது. திருவிடைமருதூர்க் கோயிலின் கீழை வாயிலால் அவன் உட்புகுந்தபோது அது புறத்தே நின்றுவிட்டது. வந்த வழியே மீளாது மேலை வாயிலாற் செல்க என்பது இறைவன் ஆணை. இன்றும் அக்கோயிலிற் கீழை வாயிலில் அப்பிரமகத்தியின் உருவத்தைக் காணலாம். வந்த வாயிலால் மீளாத வழக்கமும் உண்டு. பாவம் அழிந்துவிட்டது என்று இக்கதை சொல்லவில்லை. அது வாயிலிலே இருக்கின்றது. திரும்பிச் சென்றால் மீண்டும் பற்றும். நடந்ததை நடவாததாக்க எவராலும் இயலாது, வேறு வாயிலாற் புறப்படலாம் என்பதே அதன் பொருள் போலும். நம் நாட்டு முன்னேச்சரத் தலவரலாறும் இவ்வகையினதே. இராவணனைக் கொன்ற இராமபிரானைத் தொடர்ந்த பிரமகத்தி அவ்விடத்தில் விலகி நின்றது என்பர். அறத்தின் பொருட்டுப் போர் செய்தவனையும் கொலையின் நிழல் தொடரும் என்று நம்மவர் நம்பினர் என்பது இதனாற் பெறப்படும்.

அதனை மகாபாரதம் போல விரித்துரைத்த நூல் வேறில்லை. சாந்தி பருவத்தின் தொடக்கத்திலே தருமன், கன்னன் தன் தமையன் என்பதை அறிந்து, எனக்கு அரசு வேண்டாம், காடு போகின்றேன் என்கின்றான். தம்பியர் வாதிடுகின்றனர், திரௌபதி வாதிடுகின்றாள், வியாதரும் கண்ணனும் தேற்றுகின்றனர், அம்புப் படுக்கையிலிருந்து வீடுமர் இரண்டு பருவங்கள் நிறைய அறம் உரைக்கின்றார். கேட்டு முடித்தபின்னர், அடுத்த பருவத்தின் தொடக்கத்திலே, தருமன் மீண்டும் நிலத்தில் விழுந்து புலம்புகின்றான்! காவிய ஆசிரியரின் உள்ளறிவை இங்கே வியவாதிருத்தல் முடியாது. அறிவுரையால் மட்டும் பழியுணர்வு தீராது. பரிவேள்வி செய்க என்று வியாதர் பணிக்கின்றார். வேள்வியும் சிறப்புற முடிகின்றது. அப்பொழுது ஒருபுறம் பொன்னிறமான கீரி ஒன்று வந்து, இவ்வேள்வி முன்னொருகால் குருநிலத்து வறிய அந்தணன் பசித்த விருந்தினனுக்கு ஈந்த மாவுக்கு நிகராகாது என்கின்றது. அந்த மாவிலே புரண்டபோது பாதியுடல் பொன்னாயிற்று. மறுபாதி இங்கே பொன்னாகவில்லை என்பது அதன் முறையீடு. கீரிமலையிலே கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவரை வழிபடும் நாம் இக்கீரியையும் மறத்தலாகாது.

இனிச் சைவசித்தாந்தம் கூறுவதற்கு வருவாம். வினை மூவகைத்து. முன்னே ஈட்டிக் குவித்தது சஞ்சிதம். அதினின்றும் இப்பிறப்பில் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். நுகருங்கால் புதிதாக ஏறுவது ஆகாமியம். இம்முப்பிரிவைப் பழியுணர்வோடு பொருத்திக் கற்பிப்பார் அரியர். எம் செயல் பிறர்க்குண்டாக்கிய விளைவும், அதனால் எமக்கு வரும் இழப்பும் இகழ்ச்சியும் பிராரத்தம் போல நுகர்ந்தே தீர்க்கப்படவேண்டியவை. பௌத்த நூல் கூறும் அங்குலிமாலன் துறவியாகி ஞானம் பெற்றபின்னும், அவன் பிச்சைக்குச் சென்றவிடத்து மக்கள் கல்லெறிந்தனர். பொறுத்துக்கொள் என்றே புத்தர் கூறினார். ஆனால் அந்நுகர்ச்சியின்போது, நான் கெட்டவன், கெட்டவனாகவே இருப்பேன், எனக்கு உய்தியில்லை என்று நாளும் எண்ணுவது புதிய வினை, அது ஆகாமியம். வருத்தத்தை நுகர்தல் கடன். வருத்தத்தை வளர்த்தல் கடனன்று.

இதன் அடியில் இருப்பது ஆணவம். நானே பெரியவன் என்று நிமிர்வது ஆணவம் என்பதை யாவரும் ஒப்புவர். என் பாவமே பெரிது, இறைவனாலும் தீர்க்கவொண்ணாது என்று குனிவதும் ஆணவமே என்பதை ஒப்புதல் அரிது. இரண்டிலும் நான், எனது என்பவையே நிற்கின்றன. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பத்தாம் சூத்திரத்திலே, இறைவனோடு ஒன்றாகி அவன் பணியிலே நிற்பதனால் மலமும் வல்வினையும் இலவாம் என்று காட்டினார். பணியில் நிற்றல் என்னும் அச்சொல் மிக ஆழமானது. இருவினையொப்பு என்பதைச் சிலர், நன்றும் தீதும் ஒன்றே என்று பிழைபடக் கொண்டு, தம் தவற்றுக்கு அதனைப் போர்வையாக்குவர். வினையின் பயனிலே விருப்பு வெறுப்பற்று ஒப்ப நிற்றலே இருவினையொப்பு. வினையைச் செய்யுமிடத்து நன்றும் தீதும் வேறே.

பணியில் நிற்றலைத் தம் வாழ்வாற் காட்டியவர் திருநாவுக்கரசு நாயனார். பல்லாண்டு புறச்சமயத்திலே தருமசேனராக இருந்து, சூலைநோயால் மீண்டு, தமக்கையார் திலகவதியாரிடம் வந்து திருநீறு பெற்றவர். வீணே கழிந்த நாட்களை நினைந்து அவர் தம்மை நொந்துகொண்ட இடங்கள் தேவாரத்திலே பல. எனினும் அவர் நொந்துகொண்டிருந்துவிடவில்லை. கையில் உழவாரத்தை எடுத்தார். கோயில் முற்றங்களிலே புல்லைச் செதுக்கினார். மதுரையிலே மாபாதகன் கொய்த புல்லும், எல்லாளன் வைப்பித்த பதினைந்து கல்லும், அப்பர் செதுக்கிய புல்லும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை.

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு வேறொரு வகை. இறைவனுக்குத் தோழராயிருந்தும், திருவொற்றியூரிலே மகிழமரத்தின்கீழ்ச் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்தபோது கண்ணிரண்டும் இழந்தார். தோழமை தண்டத்தை நீக்கவில்லை. காஞ்சியிலே ஒரு கண்ணும் திருவாரூரிலே மறுகண்ணும் பெற்றார். இடையிலுள்ள வழியெல்லாம் தட்டுத்தடுமாறி நடந்தும் பாடியும் போனார். பழி தீர்வதற்குக் காலம் வேண்டும், அதுவும் சிறிது சிறிதாகவே தீரும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று யாம் அறியோம்.

இதுகாறும் கூறியவை குற்றம் செய்தவர்க்கு உரியவை. குற்றம் செய்யாமலே பழியுணர்வாற் துன்புறுவோர் நம் நாட்டிலே மிகப் பலர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பெருகியபோது இத்தீவிலே முப்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். கையைப் பிடித்திருந்த பிள்ளையை அலை பறிக்கக் கண்ட தாய்மார் பலர். 2009இல் முடிந்த போரிலும் அவ்வாறே, நான் ஏன் எஞ்சினேன் என்று தம்மை வினவுவோர் உளர். நாடு கடந்து சென்று பெற்றோரின் இறுதிக் கடனுக்கு வரமுடியாது போனோரும் உளர். இவர்களிடம் சென்று, இது நுங்கள் ஊழ்வினை, முற்பிறப்பிற் செய்தது என்று சொல்லும் சைவர் சிலரைப் பற்றிக் கேள்வியுறும்போது நெஞ்சு நடுங்குகின்றது. கன்மக் கொள்கை தன்னை ஆராய்தற்குத் தரப்பட்டது. பிறனைக் குற்றஞ்சாட்டத் தரப்பட்டதன்று.

இத்தகையார்க்கு நம் சமயம் தருவது வாதமன்று, சடங்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், ஆடியமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தம், திருக்கேதீச்சரத்துப் பாலாவி ஆகியவை இறந்தார்க்குச் செய்யப்படுவன என்று மட்டும் கருதுகின்றோம். இருப்பவர்க்கும் அவை செய்யப்படுகின்றன. எள்ளும் நீரும் இறைக்கும் கைக்கு, இன்னும் உனக்கு ஒன்று செய்ய இயலும் என்று சொல்லப்படுகின்றது. பிடி நழுவிய அதே கைக்கு அது சிறிய செய்தியன்று. குற்றமில்லாதாரிடம் உனக்குக் குற்றமில்லை என்று ஆயிரம் முறை கூறினும் அடங்காத நெஞ்சு, ஆண்டுக்கொருமுறை ஒரு பிண்டம் இட்டபின் அன்றிரவு உறங்குவதுண்டு. உறக்கமின்மையும் தன்னை மாய்க்கும் எண்ணமும் தொடருமாயின் மனமருத்துவரை நாடுதலும் வேண்டும். சூலை தீர்த்த இறைவன் மருந்துக்குப் பகைவனல்லன்.

துட்டகைமுனுவின் வரலாற்றை இடையில் விட்டுவந்தோம். மகாவம்சம் அவனை மரணப் படுக்கை வரையில் தொடர்கின்றது. இருபத்துநான்கு ஆண்டுகள் அரசு செய்து, மகாதூபி முற்றுப்பெறாத நிலையிலே நோயுற்றுக் கிடந்த அவன் முன்னே அவன் செய்த அறங்களெல்லாம் பதிந்த ஏடு வாசிக்கப்படுகின்றது. விகாரைகள், தானங்கள், செலவிட்ட கோடிகள் யாவும் வரிசையாகப் படிக்கப்பட்டன. அரசன் கேட்டுவிட்டு, ஆட்சியிலிருந்தபோது செய்தவை எவையும் என் உள்ளத்தை மகிழ்விக்கவில்லை, இடுக்கணிலிருந்தபோது உயிரையும் எண்ணாது கொடுத்த இரண்டே மகிழ்விக்கின்றன என்றான். ஒன்று, பஞ்சகாலத்திலே தன் காதணிகளை விற்றுத் தேரர் ஐவருக்கு அளித்த புளித்த தினைக்கூழ். மற்றொன்று, தம்பியோடு பொருது தோற்று ஓடியபோது அளித்தது. உடன் வந்தவன் ஓர் அமைச்சன். ஏறிவந்தது ஒரு பெண்குதிரை. இருந்த சோற்றைச் சங்கத்துக்கும் தனக்கும் அமைச்சனுக்கும் குதிரைக்குமாக நான்கு கூறாக்கி, வந்த துறவிக்கு அந்நான்கு கூறும் இட்டான். அவ்வேட்டில் எழுதப்பெற்றிருந்த கோடிகளோடு வைத்தெண்ணினால் அஃது ஒருவேளைச் சோறு.